‘எப்படியும் தோற்கத்தான் போறோம்!’ - ஆனாலும் டிக்கெட் எடுக்கும் லூட்டன் ரசிகர்கள்

இங்கிலாந்தின் லூட்டன் நகரில் ஓக் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள். அந்த வரிசையின் நடுவே, ஒரு வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நுழைவாயில். டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் படியேறினால், கீழே அடுத்தவர் வீட்டுக் கொல்லைப்புறம் தெரியும். கொடியில் காயும் துணி, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், ஓரமாகச் சாய்த்து வைத்த ஏணி. அதையெல்லாம் பார்த்தபடி நாலு எட்டு நடந்தால், திடீரென்று கண் முன்னே பச்சைப் புல் மைதானம் விரியும்.

இதுதான் கெனில்வொர்த் ரோடு. 1905 முதல் லூட்டன் டவுன் கால்பந்து கிளப்பின் சொந்த மைதானம். உட்காரும் இடம் சுமார் 12,000 பேருக்கு. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் 74,000 பேர் உட்காரலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், லூட்டன் எவ்வளவு சின்ன கிளப் என்பது புரியும்.

மேட்ச் நாளில் அந்தத் தெருவில் நிற்கும் வரிசையில் இரண்டு ரகம் உண்டு. ‘இன்னிக்கு ஜெயிச்சிடுவோம்’ என்று கை தேய்த்துக்கொண்டு வருகிறவர் முதல் ரகம். ‘எப்படியும் தோற்கத்தான் போறோம்’ என்று தலையை ஆட்டியபடி வருகிறவர் இரண்டாவது ரகம். இருவர் கையிலும் இருப்பது அதே டிக்கெட். இருவர் கழுத்திலும் அதே ஆரஞ்சு நிற மஃப்ளர். ‘தோற்கத்தான் போறோம்’ என்று சொன்னவர் அடுத்த சனிக்கிழமை வராமல் இருந்துவிடுவாரா? மாட்டார். முதல் ஆளாக வந்து நிற்பார்.

உலகத்தில் எல்லா சின்ன கிளப்புகளிலும் இந்த இரண்டு கட்சி உண்டு. ஆனால் கடந்த 35 வருடங்களில் லூட்டன் ரசிகர்கள் பார்த்த ஏற்ற இறக்கத்தை வேறு யாரும் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

தொப்பி செய்த ஊர்

லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது லூட்டன். விமான நிலையம் இருப்பதால் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். மக்கள்தொகை இரண்டேகால் லட்சம். ஒரு காலத்தில் இங்கே வைக்கோல் தொப்பி பின்னுவதுதான் முக்கியத் தொழில். அதனால்தான் கிளப்புக்கு ‘ஹேட்டர்ஸ்’ என்று செல்லப் பெயர். வெறுப்பவர்கள் என்று அர்த்தமில்லை, தொப்பி செய்பவர்கள்!

மைதானத்தைச் சுற்றியுள்ள பரி பார்க் பகுதியில் பாகிஸ்தான், வங்கதேசம், காஷ்மீர் வம்சாவளிக் குடும்பங்கள் நிறைய. மேட்ச் முடிந்து வருகிறவர்கள் தெருமுனையில் கபாப் கடையையும் ஜவுளிக்கடையையும் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இன்னொரு பக்கம் வாக்ஸால் கார் தொழிற்சாலை. அதுவும் லூட்டனுக்கு வந்தது 1905-ல்தான். கிளப் இந்த மைதானத்துக்குக் குடிவந்த அதே வருடம். அதன் பிறகு இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன.

இந்தக் கதை புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஐ.பி.எல்-லில் கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருடம் அதே அணி அதே தொடரில் ஆடும். இங்கிலாந்து கால்பந்தில் அப்படியில்லை. பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று ஏணி மாதிரி நான்கு படிகள். மொத்தம் 92 கிளப்புகள். மேலே வந்தால் ஒரு படி ஏற்றம், கடைசியில் வந்தால் ஒரு படி இறக்கம். நான்காவது படியிலிருந்தும் விழுந்தால், ‘நான்-லீக்’ என்கிற ஐந்தாவது படி. அங்கே டி.வி. பணம் சொற்பம். சில கிளப்புகள் அங்கே விழுந்து எழுந்ததே இல்லை.

ஒரு படி இறங்கினால் போவது கௌரவம் மட்டுமல்ல. நல்ல வீரர்கள் போய்விடுவார்கள், வருமானம் போய்விடும், கிளப்பில் வேலை பார்க்கும் சமையல்காரர் முதல் அலுவலக ஊழியர் வரை பலருக்கு வேலை போகலாம். அதனால்தான் அங்கே ரசிகனின் பயத்தை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?

லூட்டன் ரசிகர் ஒருவர் நம்பிக்கைக்காரரா, அவநம்பிக்கைக்காரரா என்று தெரிய வேண்டுமா? அவர் பிறந்த வருடத்தைக் கேட்டால் பாதி தெரிந்துவிடும்.

1980-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு எட்டு வயதில், 1988 ஏப்ரலில், லூட்டன் வெம்ப்ளி மைதானத்தில் அர்செனலை 3-2 என்று தோற்கடித்து லீக் கோப்பையை வென்றது. அர்செனல் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது அவர்களுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. லூட்டன் கோல்கீப்பர் ஆண்டி டிபிள் அதைத் தடுத்தார். பிறகு லூட்டன் சமன் செய்து, ஆட்டம் முடியும் கடைசி நிமிடத்தில் பிரையன் ஸ்டைன் வெற்றி கோலை அடித்தார். எட்டு வயதில் இப்படி ஒரு மேட்சைப் பார்த்த பிள்ளை, உலகத்தில் எதுவும் நடக்கும் என்றுதானே நம்பும்?

அந்த நம்பிக்கை நான்கே வருடம்தான் நீடித்தது. 1992-ல் லூட்டன் முதல் டிவிஷனிலிருந்து விழுந்தது. அது சாதாரண வருடமும் இல்லை. அடுத்த சீசனில்தான் பிரீமியர் லீக் பிறந்தது. டி.வி. பணம் கொட்டத் தொடங்கியது. கதவு திறக்கும் நேரத்தில் லூட்டன் வெளியே நின்றது.

அந்த 1980-காரர் மறுபடி தன் கிளப்பை முதல் படியில் பார்த்தபோது அவருக்கு வயது 43. நடுவில் 29 வயதில், லீக்கை விட்டே வெளியேறியதையும் பார்த்தார். அவர் ‘எப்படியும் தோற்கத்தான் போறோம்’ என்று சொன்னால், அது சோம்பேறித்தனமான பேச்சு இல்லை. அனுபவம்.

அவருடைய மகள் 2009-ல் பிறந்திருந்தால் கதையே வேறு. அவளுக்கு ஐந்து வயதில் கிளப் ஒரு படி ஏறியது. ஒன்பது வயதில் இன்னொரு படி. பத்து வயதில் மற்றொன்று. பதினாலு வயதில் பிரீமியர் லீக்! அவளுக்குத் தெரிந்த லூட்டன் மேலே மட்டும்தான் போகும். ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே மேட்சைப் பார்க்கும் அப்பாவும் மகளும் இரண்டு வெவ்வேறு கிளப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மைனஸ் முப்பது

அவநம்பிக்கைக்காரர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டும் வருடம் ஒன்று உண்டு. 2008.

அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் கிளப் அடுத்தடுத்து இரண்டு படி இறங்கியிருந்தது. பணம் இல்லை. நிர்வாகம் கைமாறி, நீதிமன்ற நடைமுறைக்குள் போயிருந்தது. அதற்கு அபராதமாக 2007-08 சீசனிலேயே 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் ஊர்க்காரர்களும் ரசிகர்களுமான ஒரு குழு, ‘லூட்டன் டவுன் 2020’ என்ற பெயரில் கிளப்பை எடுத்து நடத்த முன்வந்தது. அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்த நேரத்தில் வந்தது அடி.

பழைய நிர்வாகத்தின் காலத்தில் ஏஜென்ட்டுகளுக்குப் பணம் கொடுத்ததில் நடந்த முறைகேட்டுக்காக, கால்பந்து சங்கம் 10 புள்ளிகளைப் பறித்தது. கடன்காரர்களோடு விதிப்படி உடன்பாடு செய்துகொள்ளாமல் மீண்டு வந்ததற்காக, லீக் அமைப்பு மேலும் 20 புள்ளிகளைப் பறித்தது. மொத்தம் 30. அதாவது, சீசனின் முதல் பந்தை உதைப்பதற்கு முன்பே லூட்டனின் கணக்கு மைனஸ் முப்பது! பத்து மேட்ச் வென்றால்தான் பூஜ்யத்துக்கே வர முடியும். தப்பு செய்தவர்கள் போய்விட்டார்கள், தண்டனை எங்களுக்கா என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

அந்த சீசனில் லூட்டன் 13 மேட்ச் வென்றது, 17-ல் சமன் செய்தது. அபராதம் இல்லாமல் இருந்தால் 56 புள்ளிகள். பத்திரமாகத் தப்பியிருக்கலாம். அபராதம் போக மிஞ்சியது 26. கடைசி இடம்.

ஆனால் அதே சீசனின் ஏப்ரல் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. கீழ்ப்படி கிளப்புகளுக்கான கோப்பைப் போட்டியில் லூட்டன் இறுதிக்கு வந்தது. இடம், மறுபடி வெம்ப்ளி. நாட்டின் நான்கு படிகளிலும் கடைசியில் கிடந்த கிளப்புக்காக, 40,000-க்கும் அதிகமான லூட்டன் ரசிகர்கள் அங்கே போனார்கள். எதிரணி ஸ்கன்தார்ப். கூடுதல் நேரத்தில் கிளாட் நாக்பா அடித்த கோலில் 3-2 என்று லூட்டன் வென்றது.

கோப்பையைத் தூக்கிய அதே மாதத்தில், லீக்கிலிருந்து வெளியேற்றமும் உறுதியானது. 1920 முதல் தொடர்ந்து லீக்கில் இருந்த கிளப், ஐந்தாவது படிக்கு விழுந்தது. ஒரே மாதத்துக்குள் கோப்பையும் கண்ணீரும். நம்பிக்கைக்காரர், அவநம்பிக்கைக்காரர் இரண்டு பேருமே ‘நான் சொன்னேன் பார்த்தியா?’ என்று கேட்டுக்கொள்ள அதைவிட நல்ல மாதம் கிடைக்காது!

வாசல் வரை வந்து திரும்பியவர்கள்

ஐந்தாவது படியில் ஒரு வருடம் இருந்துவிட்டு மேலே வந்துவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஐந்து வருடம் ஆனது.

2010-ல் பிளே ஆஃப் அரையிறுதியில் யார்க் சிட்டியிடம் தோல்வி. 2011-ல் இறுதிவரை வந்து, கோலே இல்லாத ஆட்டத்தில் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் தோல்வி. அந்த விம்பிள்டனும், தங்கள் பழைய கிளப் வேறு ஊருக்குப் பெயர்ந்துபோனதால் ரசிகர்களே 2002-ல் புதிதாகத் தொடங்கிய கிளப் என்பது இன்னொரு கதை. 2012-ல் மறுபடி இறுதி. இரண்டாவது நிமிடத்திலேயே லூட்டன் கோல் அடித்தது. முடிவு? யார்க் 2, லூட்டன் 1.

இங்கிலாந்து ரசிகர்களிடையே ஒரு பேச்சு உண்டு. ஆளைச் சாகடிப்பது தோல்வி இல்லை, நம்பிக்கைதான் என்பார்கள். 20 புள்ளி பின்தங்கிய அணியின் ரசிகருக்கு ராத்திரி தூக்கம் வரும். வாசல்வரை போன அணியின் ரசிகருக்குத்தான் வராது. மூன்று வருடம் வாசல்வரை போய்த் திரும்பிய லூட்டன்காரர்களுக்கு அந்தப் பேச்சின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு கணக்கு ஆச்சரியப்படுத்துகிறது. ஐந்தாவது படியில் ஆடிய முதல் சீசனில்கூட கெனில்வொர்த் ரோட்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்தப் படியில் பல கிளப்புகளுக்கு ஆயிரம் இரண்டாயிரம் பேர் வந்தாலே பெரிது.

2013 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில், பிரீமியர் லீக் அணியான நார்விச்சை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று வீழ்த்தியது லூட்டன். லீக்குக்கு வெளியே உள்ள ஒரு கிளப், முதல் படி அணியை வென்றது 1989-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அதே சீசனில், சொந்தப் படியில் லூட்டன் பிடித்த இடம் ஏழு. பிளே ஆஃபுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. லூட்டன் ரசிகராக இருப்பது என்றால் என்னவென்று கேட்பவருக்கு அந்த ஒரு சீசனைச் சொன்னாலே போதும்.

மனசு போடும் கணக்கு

‘தோற்போம்’ என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்வது ஏன்? இதற்கு ஆராய்ச்சியாளர்களிடம் பதில் இருக்கிறது.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் டோல்டன், ஜார்ஜ் மெக்கரான் இருவரும் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மொபைல் ஆப் வழியாக, சுமார் 32,000 பேர் பல்வேறு நேரங்களில் தங்கள் மனநிலையைப் பதிவு செய்த 30 லட்சம் பதில்களை எடுத்து, கால்பந்து மேட்ச் முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். தன் அணி ஜெயிக்கும்போது ரசிகருக்குக் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, தோற்கும்போது வரும் துக்கம் சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. கணக்குப் பார்த்தால், பாதி மேட்ச் ஜெயிக்கும் அணியின் ரசிகருக்கும் நஷ்டம்தான்!

இரண்டு மடங்கு வலிக்கும் என்று தெரிந்த இடத்தில் மனசு ஒரு தற்காப்பைத் தேடும். ஜூலி நோரம், நான்சி கேன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தற்காப்பு அவநம்பிக்கை. பரீட்சைக்கு நன்றாகப் படித்த மாணவி ‘ஃபெயில்தான் ஆவேன்’ என்று சொல்லிக்கொண்டு விடிய விடியப் படிப்பாள் இல்லையா, அதுதான். அவள் கைவிட்டுவிடவில்லை. கெட்டதை முதலில் நினைத்துப் பார்த்து, அதற்குத் தயாராகிறாள். ‘தோற்போம்’ என்று சொல்லிக்கொண்டே கொட்டும் மழையில் 300 கிலோமீட்டர் பயணம் செய்து மேட்ச் பார்க்கும் ரசிகரும் அதே ரகம்தான்.

இன்னொரு பழைய ஆய்வும் இங்கே பொருந்தும். 1976-ல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார்கள். கல்லூரி அணி ஜெயித்த வாரம், கல்லூரிப் பெயர் போட்ட உடையை அதிகம் பேர் அணிந்து வந்தார்கள். ஜெயித்தால் ‘நாம’ ஜெயித்தோம் என்றார்கள். தோற்றால், ‘அவங்க’ தோற்றுட்டாங்க!

சின்ன கிளப் ரசிகரை இதில் கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அவர் ‘தோற்கத்தான் போறோம்’ என்கிறார். ‘தோற்கத்தான் போறாங்க’ என்று சொல்வதில்லை. எவ்வளவு அவநம்பிக்கையிலும் அந்தப் பன்மையை மட்டும் விடுவதில்லை.

லூட்டனில் இந்தப் புலம்பலுக்கு நகைச்சுவைப் பாரம்பரியமும் உண்டு. பிரிட்டனின் புகழ்பெற்ற டி.வி. நகைச்சுவைக் கலைஞர் எரிக் மோர்கம் தீவிர லூட்டன் ரசிகர். 1970-களில் கிளப்பின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார். தன் நிகழ்ச்சிகளில் சமயம் கிடைத்தபோதெல்லாம் லூட்டன் பெயரை ஜோக்குகளில் நுழைத்தார். 1984-ல் அவர் இறந்தார். நான்கே வருடம் கழித்து வந்த அந்த வெம்ப்ளி வெற்றியை அவர் பார்க்கவில்லை.

சந்தேகம் காப்பாற்றிய கிளப்

நம்பிக்கைதான் நல்லது, அவநம்பிக்கை கெட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். லூட்டன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

2003-ல் ஒரு புதிய உரிமையாளர் வந்தார். ரசிகர்கள் நேசித்த மேனேஜர் நீக்கப்பட்டார். அடுத்த மேனேஜரைத் தேர்ந்தெடுக்க போன் ஓட்டெடுப்பு நடந்தது. கார் பந்தயத் தடத்தோடு சேர்ந்த பிரமாண்ட மைதானம் வரும், கிளப்பின் பெயரோடு ‘லண்டன்’ சேரும் என்றெல்லாம் திட்டங்கள் பறந்தன. கேட்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் நம்பியிருந்தால்?

நம்பவில்லை. ரசிகர்கள் சீசன் டிக்கெட் வாங்க மறுத்தார்கள். சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். கிளப்புக்குக் கடன் கொடுத்திருந்த நிறுவனத்தில் பங்குகள் வாங்கினார்கள். அந்த வழியில் கிளப்பை அந்த உரிமையாளரின் கையிலிருந்து எடுக்க வைத்தார்கள். எல்லாம் இரண்டு மாதத்துக்குள் முடிந்தது.

அவர்கள் அதோடு விடவில்லை. 2014 மார்ச்சில், கிளப் மீண்டும் லீக்குக்குத் திரும்பும் வாசலில் நின்றபோது, ஊரே கொண்டாட்டத்துக்குத் தயாராக இருந்தபோது, ரசிகர் அறக்கட்டளைக்கும் கிளப்புக்கும் ஓர் ஒப்பந்தம் உருவானது. கிளப்பின் செல்லப் பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றின் சட்டப்பூர்வ உரிமை அறக்கட்டளையிடம் போனது. எதிர்காலத்தில் எந்தக் கோடீஸ்வரர் கிளப்பை வாங்கினாலும், அறக்கட்டளை உறுப்பினர்கள் சம்மதிக்காமல் அதையெல்லாம் மாற்ற முடியாது. நல்ல காலத்தில் உட்கார்ந்து கெட்ட காலத்துக்குப் பூட்டு போடுகிறவர், சந்தேகப்படத் தெரிந்தவராகத்தான் இருக்க முடியும்.

இந்தப் பூட்டின் அருமை தெரிய, மான்செஸ்டருக்கு அருகில் உள்ள பரி என்ற ஊரைப் பார்க்க வேண்டும். பரி கிளப்பும் லூட்டனைப் போலவே 1885-ல் பிறந்தது. 2019 வசந்த காலத்தில் நான்காம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு உயர்ந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் உள்ளே கடன் அரித்துக்கொண்டிருந்தது. கிளப்பை வாங்க ஒருவர் வருகிறார் என்ற செய்தியில், ஆகஸ்ட் 27 அன்று ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக மைதானத்துக்கு வந்து, அடுத்த மேட்சுக்காக இருக்கைகளைத் துடைத்தார்கள். அன்று இரவே பரி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 125 வருட லீக் வரலாறு அத்தோடு முடிந்தது. 2023-ல்தான், பல படி கீழே, அதே மைதானத்தில் பரி என்ற பெயரில் மறுபடி ஆட்டம் தொடங்கியது.

துடைப்பத்தோடு வந்தவர்களின் நம்பிக்கையில் ஒரு தப்பும் இல்லை. அது மட்டும் போதவில்லை.

பதினொன்று அடித்த பிறகு ஒரு பெனால்ட்டி

2014-ல் 101 புள்ளிகளோடு ஐந்தாம் படியில் சாம்பியனாகி லீக்குக்குத் திரும்பிய லூட்டன், 2018-ல் மூன்றாம் படி, 2019-ல் இரண்டாம் படி என்று ஏறியது. 2023 மே 27. பிரீமியர் லீக்குக்குப் போகும் கடைசி இடத்துக்கான இறுதிப் போட்டி. வெம்ப்ளி. எதிரே கவென்ட்ரி. அந்த ஒரு மேட்சின் மதிப்பு குறைந்தது 17 கோடி பவுண்டு என்றார்கள்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் லூட்டன் கேப்டன் டாம் லாக்யர் மைதானத்தில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். 1-1 என்று ஆட்டம் முடிந்து, கூடுதல் நேரமும் போய், பெனால்ட்டிக்கு வந்தது. 2011-ல் பெனால்ட்டியில் தோற்ற அந்த நினைவு, மைதானத்தில் இருந்த ஒவ்வொரு லூட்டன்காரருக்கும் வந்திருக்கும்.

இரண்டு அணிகளும் சேர்ந்து அடித்த பதினொரு பெனால்ட்டியும் கோல். பன்னிரண்டாவது, கவென்ட்ரியின் ஃபன்காட்டி டாபோ அடித்தது, கம்பத்துக்கு மேலே போனது. 6-5. லூட்டன் பிரீமியர் லீக்கில்!

ஐந்தாம் படியில் இருந்த காலத்தில் சேர்ந்த பெல்லி ரட்டக் எம்பான்ஸு, அதே கிளப்போடு ஒவ்வொரு படியாக ஏறி பிரீமியர் லீக் வரை போன முதல் வீரர் ஆனார்.

ஓக் ரோட்டின் அந்தக் கொல்லைப்புறப் படிக்கட்டு, உலகம் முழுக்க வைரல் ஆனது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்கள் ஆடும் மைதானத்துக்கு இப்படி ஒரு வாசலா என்று எல்லோரும் வியந்தார்கள். லூட்டன்காரர்களுக்கு அது தினம் பார்க்கும் வாசல்.

மறுபடியும் இருபத்தாறு

பிரீமியர் லீக்கில் அந்த ஒரு சீசன், இரண்டு கட்சிக்கும் சமமாகத் தீனி போட்டது. லிவர்பூலோடு 1-1. வெற்றி கைக்கு வந்து, கூடுதல் நிமிடங்களில் நழுவியது. அர்செனலோடு 3-3 என்று இருந்து, 97-வது நிமிடத்தில் 4-3 என்று தோல்வி. பிரைட்டனை 4-0 என்று வீழ்த்தினார்கள். போர்ன்மவுத்தோடு இடைவேளையில் 3-0 என்று முன்னிலையில் இருந்து, 4-3 என்று தோற்றார்கள்!

அதே போர்ன்மவுத் மைதானத்தில்தான் 2023 டிசம்பரில் லாக்யர் மறுபடி மயங்கி விழுந்து, இதயம் நின்று, மருத்துவர்கள் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மேட்ச் கைவிடப்பட்டது. அந்தச் சில நிமிடங்கள் யாருக்கும் புள்ளிப்பட்டியல் நினைவுக்கு வந்திருக்காது.

சீசன் முடிவில் லூட்டனுக்கு 18-வது இடம். கீழே இறக்கம். புள்ளிகள் எத்தனை தெரியுமா? 26. மைனஸ் முப்பதில் தொடங்கிய அந்த 2009 சீசனிலும் இதே 26 தான். லீக்கை விட்டு வெளியேறியபோது ஊரே ஆத்திரப்பட்ட அதே எண்ணிக்கைக்கு, 15 வருடம் கழித்து ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அத்தோடு முடியவில்லை. அடுத்த சீசனிலேயே இன்னொரு படி விழுந்தது. 2025 மே 3, கடைசி நாள். வெஸ்ட் பிராம் மைதானத்தில் 5-3 என்று தோல்வி. அதே 49 புள்ளிகள் எடுத்த ஹல் சிட்டி, கோல் வித்தியாசத்தில் தப்பியது. லூட்டன் மூன்றாம் படிக்குப் போனது. இரண்டே வருடத்தில் இரண்டு படி.

அந்த வசந்தத்தில் ஊருக்கு விழுந்த அடி அது மட்டுமல்ல. மார்ச் மாதக் கடைசியில், 120 வருடங்களாக ஊருக்குச் சோறு போட்ட வாக்ஸால் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை. கிளப் கெனில்வொர்த் ரோட்டுக்கு வந்த அதே 1905-ல் ஊரில் கால் ஊன்றிய அந்தத் தொழிற்சாலையின் கதை முடிந்தது. கிளப் மட்டும் மிச்சம்.

இப்போது ‘நான் சொன்னேன் பார்த்தியா?’ என்று சொல்லும் முறை, 1980-ல் பிறந்த அப்பாவுக்கு. பதினாறு வயதுக்குள் இரண்டு இறக்கத்தைப் பார்த்துவிட்ட மகளுக்கு, கிளப் கீழேயும் போகும் என்பது முதல்முறையாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் இதைவிட மோசமான இடத்திலிருந்து அது எழுந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்தவரும் அதே அப்பாதான். இனி மகள் பயப்படும்போது நம்பிக்கை சொல்ல வேண்டிய ஆள் அவர்!

புது மைதானம், பழைய பயம்

நகரின் நடுவே, பவர் கோர்ட் என்ற இடத்தில் புதிய மைதானம் கட்ட வேண்டும் என்பது கிளப்பின் நெடுநாள் கனவு. 2019-ல் முதல் அனுமதி கிடைத்தது. 2024 டிசம்பரில், 25,000 பேர் உட்காரும் மைதானத்துக்கு அனுமதி கிடைத்தது. இப்போதிருப்பதைப்போல இரண்டு மடங்கு.

இரண்டு கட்சியும் இதிலும் உண்டு. ‘25,000 சீட் நிரம்பி வழியும், மறுபடி மேலே போவோம்’ என்பார் ஒருவர். ‘மூன்றாம் படியில் ஆடுற அணிக்கு எதுக்கு 25,000 சீட்?’ என்பார் இன்னொருவர். முதலாமவர் இல்லையென்றால் மைதானம் கட்டப்படாது. இரண்டாமவர் இல்லையென்றால், கட்டும் செலவையும் கடனையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

புது மைதானத்துக்கு நல்ல அகலமான வாசல் இருக்கும். யாருடைய கொல்லைப்புறத்தையும் தாண்ட வேண்டியிருக்காது. அதுவரை சனிக்கிழமைகளில் ஓக் ரோட்டில் வரிசை நிற்கும். ‘இன்னிக்கு ஜெயிச்சிடுவோம்’ என்கிறவரும், ‘எப்படியும் தோற்கத்தான் போறோம்’ என்கிறவரும் ஒருவர் பின் ஒருவராகப் படியேறுவார்கள்.

கோல் விழுந்தால் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் யார் எந்தக் கட்சி என்று பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.